மூக்கைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்: தும்மல் மருந்தின் இருநூறு வருடக் கதை

சின்ன வயதில் நான் தும்மினால் பாட்டி "நூறு" என்பாள். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". ஆயுசுக்கு வாழ்த்து. ஆனால் என் தும்மல் இருநூறோடு நிற்கிற ரகம் இல்லை. காலையில் எழுந்து போர்வையை மடிப்பதற்குள் பதினைந்து, பதினெட்டு என்று போகும். ஆயிரத்தைத் தாண்டியதும் பாட்டி வாழ்த்துவதை நிறுத்திவிட்டு, நொச்சி இலை பறித்து வர ஆள் அனுப்புவாள்.

எங்கள் வீட்டில் இதற்கு மூன்று பெயர். பாட்டிக்கு பீனிசம். அப்பாவுக்கு சைனஸ். மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு டஸ்ட் அலர்ஜி. பெயர் எதுவானாலும் கடைசியில் கைக்கு வருவது அதே சின்ன மாத்திரைதான். தும்மல் நிற்கும், உண்மை. கூடவே மூளையும் நின்றுவிடும். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று, ஹாலில் தும்மி மானம் போகக் கூடாதே என்று காலையிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மூன்று மணி நேரத்தில் கடைசி ஒரு மணி நேரம் என்ன செய்தேன் என்று இன்று வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. மார்க் வந்தபோது வீட்டில் யாரும் மாத்திரையைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் உண்டு. தும்மலுக்கு எதற்கய்யா தூக்க மாத்திரை? இதைக் கண்டுபிடித்தவர் யார்? வேறு வழியே இல்லையா? அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், இருநூறு வருடம் பின்னால் போய் நின்றேன். படித்ததில் எனக்குப் பிடித்த கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒவ்வாமை மூக்கழற்சி ஆளைக் கொல்கிற நோய் இல்லை. அதனால் இதை யாரும் பெரிதாக மதித்ததும் இல்லை. இதற்கு மருந்து தேடியவர்களில் பலர், இதே நோயால் தானே தும்மித் தவித்த டாக்டர்கள். தங்கள் மூக்கையே ஆய்வுக்கூடமாக்கினார்கள். அதனால் கிடைத்த லாபம் பெரிது. ஏமாந்ததும் உண்டு.

ஜே.பி. என்கிற நோயாளி

1819 மார்ச் 16. லண்டனில் மருத்துவர்கள் சங்கக் கூட்டம் ஒன்றில் ஜான் பாஸ்டக் என்ற டாக்டர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். நோயாளியின் பெயர் ஜே.பி., வயது 46. எட்டு வயதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்குக் கண் அரிக்கும், சிவக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், மூக்கு ஒழுகும், மூச்சு முட்டும். வெயில்காலம் போகப் போக அதுவும் தானாகப் போய்விடும். அடுத்த ஜூனில் திரும்ப வரும்.

ஜே.பி. வேறு யாருமில்லை, ஜான் பாஸ்டக்தான்.

அந்த மனிதர் பட்ட பாட்டைப் பாருங்கள். ரத்தம் இறக்கினார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். தோலில் கொப்புளம் எழும்ப மருந்து தடவினார்கள். சின்கோனா பட்டை, இரும்புச் சத்து, அபின், பாதரசம், டிஜிடாலிஸ், பச்சைத் தண்ணீர்க் குளியல், பத்தியச் சாப்பாடு. அந்தக் காலத்து மருந்துப் பெட்டியில் இருந்த எல்லாமே அவர் உடம்புக்குள் போய் வந்தது. பலன் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

தன்னைப் போல வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் ஒன்பது வருடம் தேடினார். 1828-இல் அடுத்த கட்டுரையை எழுதும்போது கையில் இருந்தது மொத்தம் 28 பேர். இன்றைக்கு ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினாலே தும்முகிறவர் ஒருவராவது இருப்பார். அன்று நாடு முழுக்க விசாரித்தும் 28 பேர்தான், அதுவும் வசதியானவர்கள். ஏழைகளிடம் இந்த நோயையே பார்க்கவில்லை என்று அவர் எழுதி வைத்தார்.

ஊர் மக்கள் அதற்குள் இதற்கு "ஹே ஃபீவர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். வைக்கோலுக்காகப் புல் அறுக்கிற காலத்தில் வருவதால் வைக்கோல் காய்ச்சல். பாஸ்டக் அதை ஏற்கவில்லை. அவர் கணக்குப்படி குற்றவாளி வெயிலும் சூடும்தான். அதற்கு அவரிடம் அனுபவ ஆதாரமும் இருந்தது. கெண்ட் கடற்கரையில் ராம்ஸ்கேட் பக்கம் பாறை மேட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று கோடைக்காலம் தங்கினார். நோய் குறைந்தது. குளுமைதான் காப்பாற்றியது என்று முடிவு கட்டினார்.

உண்மையில் என்ன நடந்தது? கடலில் புல் முளைப்பதில்லை. கடற்காற்றில் மகரந்தம் குறைவு. அவர் மூக்கு சரியாகத்தான் சாட்சி சொன்னது. அவர்தான் தீர்ப்பைத் தப்பாக எழுதிவிட்டார். 1846-இல் காலராவில் இறக்கும் வரை பாஸ்டக்குக்குத் தன் நோயின் காரணம் தெரியாது.

ஜாடியில் இருந்த புல்

அடுத்தவர் மான்செஸ்டரில் டாக்டராக இருந்த சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி. இவரும் வருடா வருடம் தும்முகிறவர். ஒரு நாள் வீட்டில் குழந்தை கொண்டு வந்து ஜாடியில் வைத்திருந்த புற்கொத்தை அசைத்திருக்கிறார். அதிலிருந்து மெல்லிய தூள் கிளம்பியது. உடனே தும்மல் பிடித்துக்கொண்டது.

சாதாரண ஆளாக இருந்தால் ஜாடியைத் தூக்கி வெளியே எறிந்திருப்பார். இவர் 1859-இல் ஆரம்பித்து வருடக்கணக்காக ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்தார். வெயில், சூடு, ஓசோன், வாசனைப் பொருட்கள் என்று சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்தார். பிறகு மகரந்தத்தை மூக்கில் வைத்தார், கண்ணில் வைத்தார், தொண்டையில் வைத்தார். கையில் தோலைக் கீறி, ஈரமாக்கிய மகரந்தத்தை வைத்துக் கட்டினார். இன்னொரு கையில் அதே மாதிரி கீறல், ஆனால் மகரந்தம் கிடையாது. மகரந்தம் வைத்த கை வீங்கியது, அரித்தது. மற்றது சும்மா இருந்தது. இன்று அலர்ஜி டாக்டர் நம் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கிறாரே, அந்தப் பரிசோதனையின் முப்பாட்டன் இதுதான்.

அதோடு நிற்கவில்லை. கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தினமும் வெளியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் மகரந்தத் துகள்களை எண்ணினார். எண்ணிக்கை ஏறும்போது தன் தும்மலும் ஏறுவதைக் குறித்துக்கொண்டார். பட்டத்தில் அதே கண்ணாடியைக் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே பறக்க விட்டார். அங்கேயும் மகரந்தம் இருந்தது. 1873-இல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. சரி, மருந்து? அங்கேதான் கதை மாட்டிக்கொள்கிறது. காற்று முழுக்கப் பரவிக் கிடக்கிற ஒன்றுதான் குற்றவாளி என்று தெரிந்த பிறகு எங்கே போய் ஒளிவது? பிளாக்லியால் நோயாளிக்குச் சொல்ல முடிந்தது, மகரந்தம் இல்லாத இடத்துக்குப் போ என்பதுதான். அதையாவது எல்லாராலும் செய்ய முடியுமா?

அமெரிக்காவில் பணம் இருந்தவர்கள் செய்தார்கள். அங்கே கோடை முடிகிற சமயம் ராக்வீட் என்ற களையின் மகரந்தம் ஆட்டி வைக்கும். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மாரில் வைமன் அதில் அவதிப்பட்டவர். நியூ ஹாம்ப்ஷயர் மலைப் பக்கம் போனால் அவருக்குத் தும்மல் நின்றுவிடும். அந்த மலைக்கே ராக்வீடைக் கொண்டு போய் அங்கே முகர்ந்து பார்த்தார். வந்துவிட்டது! ஆக, மலைக் காற்றில் மருந்து ஒன்றும் இல்லை, களை இல்லாததுதான் மருந்து. 1872-இல் அவர் புத்தகம் வந்தது. 1874-இல் அதே மலைப் பகுதியில், பெத்லகேம் என்ற ஊரில், தும்முகிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே தொடங்கினார்கள். ரயிலேறி ஹோட்டலில் போய் ஆறு வாரம் தங்குவதுதான் சிகிச்சை. வயலில் கூலி வேலை செய்கிறவன் எந்த ரயிலில் ஏறுவான்?

போக முடியாதவர்களுக்குக் கொஞ்ச காலம் கோகெயின் கிடைத்தது. 1884-இல் கார்ல் கோலர் அதைக் கண்ணுக்கு மரத்துப்போகும் மருந்தாகக் காட்டினார். மூக்கில் வைத்தால் வீக்கம் சுருங்கி அடைப்பு திறக்கிறது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. பிறகென்ன, ஹே ஃபீவர் பொடி என்ற பெயரில் கோகெயின் கடையில் விற்றது. மூக்கு திறந்தது, மனிதர்கள் அடிமையானார்கள்.

தப்பான காரணம், சரியான ஊசி

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த ஆள் லெனார்ட் நூன். லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில், ஆம்ரோத் ரைட்டின் தடுப்பூசித் துறையில் வேலை. பென்சிலினைப் பின்னால் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கும் அப்போது அங்கேதான் இருந்தார்.

நூன் நம்பியது இதுதான்: மகரந்தத்தில் ஒரு விஷம் இருக்கிறது. பாம்பு விஷத்துக்கு உடம்பு முறிமருந்து தயாரிக்கிற மாதிரி இதற்கும் தயாரிக்க வைக்கலாம். இந்த விஷக் கருத்து அவருக்கு முன்பே ஜெர்மனியில் பரவியிருந்தது. ஹாம்பர்க்கில் வில்லியம் டன்பார் குதிரைக்கு மகரந்தத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பொல்லான்டின் என்ற மருந்தே தயாரித்திருந்தார். அது நிலைக்கவில்லை. நூன் வேறு வழியில் போனார். குதிரை எதற்கு, நோயாளியின் உடம்பையே பழக்கலாமே?

திமோத்தி என்கிற புல்லின் மகரந்தத்தை எடுத்துச் சாறு தயாரித்தார். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து கிடைக்கும் சாறு ஒரு யூனிட் என்று அளவு வைத்தார். நோயாளியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, எத்தனை வலுவான சாறுக்குக் கண் சிவக்கிறது என்று பார்த்தார். பிறகு தோலுக்கடியில் மிகச் சின்ன அளவில் ஊசி. ஒன்றிரண்டு வாரம் விட்டு அடுத்தது, கொஞ்சம் கூட்டி. திரும்பக் கண்ணில் சொட்டு. இப்போது கண் சிவக்க முன்னைவிட வலுவான சாறு தேவைப்பட்டது. உடம்பு பழகுகிறது! அதே நேரம், அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் நோய் அதிகமாகிறது என்பதையும் எழுதி எச்சரித்தார். 1911 ஜூன் மாதம் லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

நூனுக்குக் காசநோய். 1913 ஜனவரியில் இறந்தபோது வயது 35. அவர் விட்ட இடத்திலிருந்து நண்பர் ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார்.

இப்போது நினைத்துப் பாருங்கள். பிளாக்லிக்குக் காரணம் சரியாகத் தெரியும், கையில் மருந்து இல்லை. நூனுக்குக் காரணம் தப்பு. மகரந்தத்தில் அப்படி எந்த விஷமும் இல்லை, இருந்தால் எல்லாரும் அல்லவா தும்ம வேண்டும்? ஆனால் அவர் கண்டுபிடித்த ஊசிமுறை, 110 வருடம் தாண்டியும் உலகம் முழுக்க நடக்கிறது. மற்ற மருந்துகள் தும்மலை அடக்கும். உடம்பின் குணத்தையே மாற்றப் பார்க்கிற சிகிச்சை இன்று வரைக்கும் இது ஒன்றுதான். காரணத்தைக் கண்டுபிடித்தால் மருந்து தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம், இல்லையா? அப்படி ஒரு விதியே கிடையாது.

குற்றவாளி வெளியே இல்லை

மகரந்தத்தில் விஷம் இல்லை என்றால் கோளாறு எங்கே? 1906-இல் வியன்னாவில் கிளமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் "அலர்ஜி" என்ற சொல்லை உருவாக்கினார். ஒரு பொருளை ஒரு முறை சந்தித்த உடம்பு, அடுத்த முறை அதே பொருளிடம் வேறு மாதிரி நடந்துகொள்வது என்று அர்த்தம். அதாவது கோளாறு பொருளில் இல்லை, உடம்பின் பதிலில் இருக்கிறது.

அந்தப் பதிலைச் சுமக்கிற ஆள் யார்? 1921-இல் ப்ரெஸ்லா நகரத்தில் கார்ல் ப்ராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்று இரண்டு பேர். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. ப்ராஸ்னிட்ஸுக்கு மீன் ஒன்றும் செய்யாது, அவருக்கு ஹே ஃபீவர். கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ப்ராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. தடித்துக் கிளம்பியது. நண்பனின் அலர்ஜி அவர் தோலுக்குக் குடிவந்துவிட்டது! ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று பிடிக்க இன்னும் 45 வருடம் ஆனது. 1966-இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், 1967-இல் ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாக அதைப் பிடித்தார்கள். இன்று நம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஐஜிஈ என்று இருப்பது அதுதான். மூக்கில் காவலுக்கு இருக்கிற மாஸ்ட் செல்களின் மேல் இந்த ஐஜிஈ உட்கார்ந்திருக்கும். மகரந்தமோ தூசியோ வந்து தொட்டால், செல் திறந்து ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், அரிப்பு, ஒழுகல் எல்லாம் அதன் கைங்கரியம்.

அந்தச் சின்ன மாத்திரை

இனி என் பரீட்சையைக் கெடுத்த மாத்திரைக்கு வரலாம்.

ஐஜிஈ பிடிபடுவதற்கு முன்பே ஹிஸ்டமின் மாட்டிக்கொண்டது. 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் கூட்டாளிகளும் அதன் வேலையை விவரித்தார்கள். 1927-இல் அது நம் உடம்பிலேயே இருக்கிற பொருள் என்பதும் உறுதியானது. அப்படியானால் அதைத் தடுக்க ஒரு மருந்து? 1937-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே, ஆன்-மரி ஸ்டவுப் இருவரும் ஹிஸ்டமினிலிருந்து கினிப்பன்றியைக் காப்பாற்றுகிற முதல் பொருளைக் காட்டினார்கள். மனிதனுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு அது. ஆனால் கதவு திறந்துவிட்டது. 1942-இல் பிரான்சில் மனிதர்களுக்கான முதல் மருந்து வந்தது. 1943-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரீவ்ஷல் டைஃபென்ஹைட்ரமினைத் தயாரித்தார், 1946-இல் பெனட்ரில் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் கிடைக்கிற குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின் எல்லாம் அதே தலைமுறைச் சொந்தக்காரர்கள். போவேக்கு 1957-இல் நோபல் பரிசு.

தூக்கம் எங்கிருந்து வந்தது? ஹிஸ்டமினுக்கு மூக்கில் மட்டும் வேலை இல்லை. மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் அதுதான். பழைய மாத்திரைகள் ரத்தத்தின் வழியாக மூளைக்குள்ளும் தாராளமாகப் போய்விடும். மூக்கில் தடுக்க வேண்டியதை மூளையிலும் தடுத்தால் தூங்காமல் என்ன செய்வான்? இந்தப் பக்க விளைவைப் பின்தொடர்ந்து போனதில்தான், 1950களில் மனநோய்க்கான குளோர்ப்ரோமசின் பிறந்தது. தும்மல் மாத்திரையின் தம்பி மனநல ஆஸ்பத்திரிகளையே மாற்றினான்.

மூளைக்குள் போகாத மாத்திரை வர 1980கள் ஆயின. டெர்ஃபெனடின் 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, தூக்கம் வராத மருந்து என்று அமோகமாக விற்றது. சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அது உடம்பில் தேங்கி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கியது. உயிர்களும் போயின. 1998-இல் சந்தையை விட்டுப் போனது. கல்லீரல் அதை மாற்றித் தருகிற பொருள்தான் உண்மையில் தும்மலை அடக்குகிறது, இதயத்தையும் அது தொந்தரவு செய்வதில்லை என்று தெரிந்ததும், அந்தப் பொருளையே மாத்திரையாக்கினார்கள். அதுதான் ஃபெக்சோஃபெனடின். லொராட்டடின், செட்ரிசின் ஆகியவையும் இதே இரண்டாம் தலைமுறை. செட்ரிசின் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தூக்கம் தரும்.

மூக்குக்கே மருந்து

மாத்திரை தும்மலையும் அரிப்பையும் நன்றாக அடக்கும். மூக்கடைப்பை அவ்வளவாக அடக்காது. அடைப்பு என்பது உள்ளே இருக்கிற வீக்கம். கல்லூரியில் படிக்கும்போது அதற்குச் சொட்டு மருந்து விட ஆரம்பித்தேன். என்ன சுகம் தெரியுமா! இரண்டு நிமிடத்தில் மூக்கு மைதானம். ஒரு வாரத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாட்டில் இல்லாமல் சினிமாவுக்குப் போக மாட்டேன். ஏழு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் ஒரு டாக்டர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்போ உங்க மூக்கை அடைக்கிறதே இதுதான்" என்றார்.

ஆக்சிமெட்டசொலின், சைலோமெட்டசொலின் வகைச் சொட்டுகள் 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழிவிடும். சில நாட்களுக்கு மேல் போனால் குழாய்கள் திருப்பி வீங்கும். அதைத் தணிக்கத் திரும்பவும் அதே சொட்டு. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்கு மேல் கூடாது என்பது அதனால்தான். கோகெயின் கதையின் சின்ன மறுபதிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

வீக்கத்தையே குறைக்கிற வழி ஸ்டீராய்டில் இருந்தது. 1948-இல் கார்டிசோன் மூட்டுவாதத்துக்கு முதலில் கொடுக்கப்பட்டது, எல்லாரும் அதிசயம் என்றார்கள். ஆனால் மாத்திரையாக மாதக்கணக்கில் தின்றால் எலும்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று வட்டி கட்ட வேண்டும். தும்மலுக்கு அந்த விலை கட்டுபடியாகுமா? விடை, மருந்தை மூக்கில் மட்டும் வைப்பது. 1973-இல் டென்மார்க்கில் நீல்ஸ் மீகிண்ட், பெக்லோமெத்தசோன் ஸ்ப்ரேயை ஹே ஃபீவர்காரர்களிடம் சோதித்து முடிவை வெளியிட்டார். இதன் பின்னால் வந்தவைதான் புடசோனைடு, ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன். விழுங்கப்படுகிற கொஞ்சத்தையும் கல்லீரல் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும். தினசரித் தொந்தரவு உள்ளவர்களுக்கு, முக்கியமாக அடைப்புக்கு, மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று பல சோதனைகள் சொல்கின்றன.

ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் பாதியில் விட்டுவிடுகிறோம்! ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயம். அதைவிட முக்கியம், இது சொட்டு மருந்து மாதிரி உடனே திறக்காது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரு மூக்கு போதாது

இங்கே இன்னும் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். வில்லியம் ஃப்ராங்க்லேண்ட். பிறந்தது 1912. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வளர்ந்தவர், வைக்கோல் காலம் வந்தால் தும்மல். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போய், 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியர்களிடம் கைதியானார். மூன்றரை வருடச் சிறை முடிந்து திரும்பி, நூன் வேலை செய்த அதே செயின்ட் மேரீஸில் சேர்ந்தார்.

இவரும் தன் உடம்பில் சோதனை செய்யாதவர் இல்லை. பூச்சிக் கடிக்கு அலர்ஜி வருகிறதா என்று பார்க்க வாரா வாரம் ஒரு பூச்சியைத் தன் கையில் கடிக்க விட்டு, ஒரு நாள் மயிரிழையில் உயிர் தப்பினார். ஆனால் இவர் செய்த பெரிய காரியம் வேறு. நூனின் ஊசி நாற்பது வருடமாக நடந்துகொண்டிருந்தது. பலன் உண்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள், நோயாளிகளும் சொன்னார்கள். நிஜமாகவே உண்டா? இவர் நோயாளிகளைப் பிரித்தார். சிலருக்கு உண்மையான புல் மகரந்தச் சாறு, சிலருக்கு வெறும் போலித் திரவம். யாருக்கு எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார். 1954-இல் லான்செட்டில் முடிவு வந்தது. உண்மையான சாறு தெளிவாக ஜெயித்தது. அதே சமயம், போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் கணிசமானவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். மூக்கு நல்ல சாட்சி, நீதிபதி வேலைக்கு லாயக்கில்லை. பாஸ்டக் ராம்ஸ்கேட்டில் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நமக்கும் அதே கதைதான். ஜலதோஷ மாத்திரைகளில் மூக்கடைப்புக்காக ஃபெனிலெஃப்ரின் சேர்ப்பது வழக்கம். நம் ஊர் மாத்திரை அட்டைகளிலும் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு ஆதாரங்களை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயால் விழுங்குகிற ஃபெனிலெஃப்ரினால் அடைப்புக்குப் பலன் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. இத்தனை வருடம் கோடிக்கணக்கான மூக்குகள் அதை விழுங்கிவிட்டு "பரவால்ல, கொஞ்சம் தேவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தன.

சோதனை ஊசிமுறைக்குச் சாதகமாக முடிந்தது என்பதால் அதில் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. 1957 முதல் நடந்த 26 மரணங்களைச் சுட்டிக்காட்டி, 1986-இல் பிரிட்டன் கடுமையான கட்டுப்பாடு போட்டது. உயிர் காக்கும் வசதி இருக்கிற இடத்தில் மட்டும்தான் போட வேண்டும், போட்ட பிறகு நோயாளியை உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும். நூன் அன்றே எழுதிய எச்சரிக்கைதான், விலை கொடுத்துத் திரும்பப் படித்தார்கள். 1999-இல் லண்டனில் ஸ்டீஃபன் டர்ஹாமும் குழுவினரும் இன்னொன்றைக் காட்டினார்கள். மூன்று நான்கு வருடம் ஊசி போட்டுவிட்டு நிறுத்தினாலும், பலன் குறைந்தது மூன்று வருடம் நிற்கிறது. இப்போது நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையாகவும் இது வந்துவிட்டது. ஃப்ராங்க்லேண்ட் இதையெல்லாம் பார்த்தார். 2020 ஏப்ரலில், 108 வயதில் காலமானார். பாட்டி இருந்திருந்தால் "நூறு" பலித்துவிட்டது என்று சொல்லியிருப்பாள்.

என் போர்வைக்குள் இருந்தது யார்?

கடைசியாக என் காலைத் தும்மல். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஜூன் மாதப் புல். எனக்கு வருடம் பூராவும், அதுவும் படுக்கையில். 1960களில் ஹாலந்தின் லெய்டனில் ஃபோர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர் வீட்டுத் தூசிக்குள் தேடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியைக் குற்றவாளி என்று காட்டினார்கள். நாம் உதிர்க்கிற தோல் துணுக்குகள் அதற்குச் சாப்பாடு, மெத்தையும் தலையணையும் வீடு, ஈரப்பதம் அதற்கு உயிர். கடலோர ஊர்க்காரனான எனக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்? பரிசோதனையில் என் கையில் பெரிதாகத் தடித்ததும் அந்தச் சொட்டுதான்.

இப்போது என் வீட்டில் நடப்பது: போர்வை, உறைகள் வாரம் ஒரு முறை கொதிக்கிற வெந்நீரில். தினமும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, டாக்டர் சொன்ன அளவில். முனையை நடுத்தண்டுப் பக்கம் வைக்காமல் வெளிப்பக்கமாகத் திருப்பி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கசியும் என்பதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவே ஒருவரும் இல்லை, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும் உண்டு. நம் யோகாக்காரர்கள் நேதி என்று ரொம்ப நாளாகச் செய்வதுதான். தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆபத்து. எப்போதாவது ஒரு ஃபெக்சோஃபெனடின். ஊசி பற்றி டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடப் பொறுமை இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். பத்தாவது படிக்கிற பையனுக்கு ஒரே தும்மல், பரீட்சை வேறு வருகிறது, வீட்டில் பழைய மாத்திரை ஒரு அட்டை கிடக்கிறது, கொடுக்கவா என்று கேட்டாள். "அக்கா, அதை மட்டும் கொடுக்காத. முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன்.

"ஏன்டா, தும்மலுக்குப் போய் டாக்டரா?" என்றாள்.

இருநூறு வருடமாக இந்த நோய்க்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அன்று ராத்திரி உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.